மனுவும் கோரிக்கையும்: தோட்டத்துக் கடிதங்களில் ஆங்கிலச் சொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன், என் மாணவன் ஒருவனின் பாட்டியார் ஓர் ஆங்கிலக் கடிதத்துடன் பள்ளிக்கு வந்தார். “வாத்தியாரே, இதுல என்னா எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். தோட்டத்தை மூடுகிறார்கள், முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவருக்கு ஒரு தொகை தருவதாக நிர்வாகம் எழுதியிருந்தது. அத்தொகைக்கு முன்னால் ‘எக்ஸ் கிரேஷியா’ என்ற இலத்தீன் தொடர் நின்றது. ‘எங்களுக்குக் கடமை ஏதுமில்லை, மனமிரங்கித் தருகிறோம்’ என்பது அதன் பொருள்.

ஆனால் 1980ஆம் ஆண்டின் வேலை நிறுத்த நலன் விதிமுறைகளின்படி, ஐந்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் ஊதியம் உண்டு. சட்டம் தந்த உரிமையை அந்த ஒரு தொடர் இரக்கமாக மாற்றிவிட்டது. இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

1909இல் கெடா சயாமியரிடமிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்திற்குக் கைமாறியது. அதன் பின்னும் மாநில அரசின் கடிதங்கள் சாவி எழுத்தில் மலாய் மொழியிலேயே எழுதப்பட்டன. தோட்ட அலுவலகங்களோ ஆங்கிலத்தில் எழுதின. தமிழ்த் தொழிலாளிக்கு இரண்டும் எட்டாத மொழிகள். துரைமார் கற்ற தமிழும் பெரும்பாலும் ஏவல் தமிழே. அவர்களுக்காகக் கொழும்பில் அச்சான ஒரு கையேட்டின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும்! இடையில் நின்றவர் கிராணியார். அவர் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தவராகவோ இருந்தார்.

அக்கால அலுவலகக் கடிதங்களின் சொற்களைப் பாருங்கள். தொழிலாளி வேலையை விட்டுப் போனால் ‘டெசர்ஷன்’ என்று எழுதினர். அது படையை விட்டு ஓடும் சிப்பாய்க்குரிய சொல். கங்காணிக்குத் தலையெண்ணித் தலைக்காசு கொடுத்தனர். ‘கூலி’ நம் சொல்லே என்பர். வேறு மூலம் காட்டுவாரும் உளர். தமிழில் கூலி என்பது மனிதன் உழைத்துப் பெறுவது. அவர்கள் கடிதத்தில் அந்த மனிதனே ‘கூலி’ ஆனான்.

தொழிலாளி மறுமொழி சொல்ல வேண்டுமானால் நகரத்து மனு எழுதுபவரிடம் செல்ல வேண்டும். அவரிடம் ஆயத்தமான ஆங்கிலம் ஒன்று இருந்தது: ‘பணிவான மனுதாரன்’ என்று தொடங்கி, ‘கடமைப்பட்டவாறு என்றும் பிரார்த்திப்பேன்’ என்று முடியும். அந்தப் பிரார்த்தனையைக்கூட முழுதாக எழுதாமல் ‘முதலியன’ என்று போட்டுவிடுவதும் உண்டு. கேட்கும் பொருள் எவ்வளவு நியாயமானதாயினும், அந்நடையில் எழுதியபின் அது பிச்சையாகவே தோன்றும்.

1941இல் கிள்ளானில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்வைத்த பட்டியலில் அந்த நடை இல்லை. அவை கோரிக்கைகள். ஊதியம், மருத்துவம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றோடு, துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கமாட்டோம் என்பதும் அதில் இருந்தது. நாதன் மே மாதம் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். போருக்குப்பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், நம் பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை எழுந்து, கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபின், ‘ஒப்பந்தம்’ என்ற சொல் தோட்டத்துக் கடிதங்களில் இடம்பெற்றது. மனு எழுதுபவரின் சொற்கள் மட்டும் எளிதில் மறையவில்லை. அதற்கு நானே சாட்சி.

பாட்டியாருக்காக நான் எழுதிய முதல் வரி, ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்’ என்றே ஆங்கிலத்தில் அமைந்தது. எவரும் சொல்லாமலே கை அவ்வாறு எழுதியது. பள்ளியில் எனக்குக் கற்பித்த கடித நடை அதுதான். நானும் மாணவர்க்கு அதையே கற்பித்து வந்தேன். அவ்வரியை அடித்துவிட்டு, ‘விதிமுறைப்படி இவருக்கு உரியது’ என்று எழுதி, ஆண்டுக் கணக்கையும் நாள் ஊதியத்தையும் பெருக்கிக் காட்டினேன். பாட்டியார் கைநாட்டு வைக்கவில்லை; தமிழில் கையொப்பமிட்டார்.

இரண்டு திங்கள் கழித்து மறுமொழி வந்தது. தொகை விதிமுறைக் கணக்கின்படி உயர்ந்திருந்தது. அதன் முன்னால் ‘எக்ஸ் கிரேஷியா’ என்பது அப்படியே இருந்தது.