காவிரிக் கரையிலிருந்து காங்கேசன்துறை வரை

உறையூருக்கும் கடலுக்கும் நெடுந்தொலைவு உண்டு. ஆயினும் உறையூரின் வரலாற்றைக் கடலை விலக்கிவிட்டு எழுத இயலாது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு நூல், 'அர்காரு' என்னும் ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். காவிரிக்கரைத் தறியில் நெய்த துணி, மரக்கலம் ஏறி மேலை நாடுகளை அடைந்தது. நம் முன்னோர் கடலை எல்லையாகக் கருதவில்லை, பாதையாகவே கண்டனர்.

உறையூரை அடுத்து, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் திருவரங்கமும் ஒரு தீவுதான். பாலங்கள் எழுவதற்குமுன் அக்கரை செல்வோர் பரிசலையும் ஓடத்தையுமே நம்பியிருந்தனர். ஓடக்காரன் வராத நாளில் இரண்டு கரைகளும் இரண்டு நாடுகளாகிவிடும். தீவுகளை இணைக்கும் கலங்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்தச் சிறு உண்மையே நம் நினைவில் முந்தி நிற்கிறது.

தமிழகத்தையும் இலங்கையையும் இணைத்த நவீனக் கப்பற்போக்குவரத்தில் திருச்சிராப்பள்ளிக்கு உள்ள பங்கைப் பலர் மறந்துவிட்டனர். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட இருப்புப் பாதை 1862இல் திருச்சியை எட்டியது. பிற்காலத்தில் தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடம் திருச்சியிலேயே அமைந்தது. பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 1914ஆம் ஆண்டில், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. அக்கப்பல்களை நடத்தியதும் அந்த ரயில்வேதான்.

சென்னை எழும்பூரில் ஏறியவர் 'போட் மெயில்' வண்டியில் திருச்சி வழியே தனுஷ்கோடி சேர்வார். அங்கே கப்பல் ஏறி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து, தலைமன்னாரில் காத்திருக்கும் ரயிலில் கொழும்பை அடைவார். இவ்வளவுக்கும் ஒரே பயணச்சீட்டுப் போதும். வணிகரும் தோட்டத் தொழிலாளரும் மாணாக்கரும் அவ்வழியே சென்றனர். நாகூர்க் கந்தூரிக்கு இலங்கையிலிருந்து வந்தோரும், கொழும்பிலும் காலியிலும் கடை வைத்திருந்த நம்மவரும் அவ்வழியையே நாடினர். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் இன்றும் கொடியேறுகிறதென்றால், அந்த உறவு ஏட்டில் மட்டும் வாழ்ந்த உறவன்று என்பது விளங்கும்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த ரயில் ஒன்றைக் கடல் விழுங்கியது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து சென்றது. 'இராமானுஜம்' என்னும் கப்பலின் பெயர் இன்றும் முதியோர் நாவில் இருக்கிறது. ஆனால் அக்காலத்தில் அக்கப்பல்வழி வந்தோரில் பலர், திரும்பிச் செல்லும் எண்ணத்தோடு வந்தவரல்லர். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க இசைந்தது. பிறந்த மண்ணை விட்டு, பார்த்தறியாத 'தாயக'த்துக்கு அவர்களை அக்கப்பல் ஏற்றிவந்தது. 1983இன் கலவரத்துக்குப்பின் அதுவும் நின்றது. பின்னர் மக்கள் தோணிகளில் உயிர் தப்பி வந்தனர். திருச்சியை அடுத்த கொட்டப்பட்டு முகாம் அந்நாட்களின் சாட்சியாக நிற்கிறது.

கப்பல் நிற்கும்போது உறவு உடனே அறுவதில்லை. முதலில் கடிதம் குறையும். பிறகு கல்யாணச் செய்தி காலங்கடந்து வரும். அதன்பின் மய்யித்துச் செய்திக்குக்கூடப் போக வழியிராது. விமானம் உண்டே என்பர். மூட்டை முடிச்சோடும் குழந்தை குட்டிகளோடும் செல்லும் எளிய குடும்பத்துக்கு விமானம் எந்நாளும் கப்பலுக்கு ஈடாகாது.

2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்னும் பெருங்கப்பல் விடப்பட்டது. பயணிகளோடு மோட்டார் வாகனங்களையும் ஏற்றக்கூடிய கப்பல் அது. போதிய வருவாயின்றி அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று. பின்னர், 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகையிலிருந்து 'செரியபாணி' என்னும் விரைவுக் கலம் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. இலட்சத்தீவில் தீவுக்குத் தீவு ஆள் ஏற்றிய வகையைச் சேர்ந்த அக்கலம், சுமார் 110 கிலோமீட்டரை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடந்தது. ஆனால் வடகிழக்குப் பருவமழை வாயிலில் நிற்க, சில நாட்களிலேயே அச்சேவை நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16இல் 150 பேர் அமரக்கூடிய 'சிவகங்கை' அதே வழியில் ஓடத் தொடங்கியது. பருவமழைக்கு அதுவும் ஓய்ந்து, 2025 பிப்ரவரியில் மீண்டும் புறப்பட்டது.

உலகெங்கும் தீவுகளை இணைக்கும் விரைவுக் கலங்களுள் பலவற்றை ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்கின்றனர். அது நம் 'கட்டுமரம்' என்னும் சொல்லே. சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்து வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். ஒடுங்கிய இரு உடல்களை மேல்தளம் இணைப்பதால் இக்கலங்களுக்கு நீரின் தடை குறைவு. அலுமினியத்தால் ஆனவை எடையிலும் குறைவு. ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட இத்தகைய வாகனக் கலம் ஒன்று 1990இல் அட்லாண்டிக்கை நான்கு நாட்களுக்குள் கடந்தது. அதே நாட்டில் கட்டி 2013இல் பணிக்கு வந்த 'பிரான்சிஸ்கோ', புவெனஸ் அயர்ஸுக்கும் மோண்டிவிடியோவுக்கும் இடையே ஆயிரம் பேரையும் 150 கார்களையும் சுமந்து விரைகிறது. சொல்லை உலகுக்குத் தந்த கரை, இன்று கலத்துக்காகக் காத்திருக்கிறது.

எனினும் வேகம் ஒன்றே நம் தேவை என்று நாம் கருதவில்லை. இலேசான விரைவுக் கலங்களுக்கு அலையின் உயரம் ஓர் எல்லை வகுத்துவிடுகிறது. அவ்வெல்லையைக் கடல் மீறினால் அவை துறையிலேயே நிற்க வேண்டும். 1914இன் நீராவிக் கப்பல் மெதுவாகச் சென்றது. ஆனால் ஐம்பது ஆண்டுக் காலம் மக்கள் அதனை நம்பித் திருமணத்துக்கு நாள் குறித்தனர், சரக்குக்கு வாக்குக் கொடுத்தனர். நம்பிக்கையே போக்குவரத்தின் உயிர். பருவமழையைத் தாங்கும் பெரிய கலமும், வாகனமும் சரக்கும் ஏற வசதியும், எளியோருக்கு எட்டும் கட்டணமும் அமைந்தால்தான் இக்கடல்வழி நிலைக்கும்.

மரைக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு இணைத்துப் பேசும் மரபு நம்முடையது. கடலில் புயலும் உண்டு, போரும் உண்டு என்பதனை அம்மரபினர் அறிந்திருந்தனர். அறிந்தும் அடுத்த பருவத்தில் பாய் விரித்தனர். காவிரியில் ஓடக்காரன் நாள்தோறும் வந்ததனால்தான் இரு கரைகளும் ஓரூராக வாழ்ந்தன. நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கிடக்கும் கடலும் அத்தகைய ஓடக்காரனையே எதிர்பார்க்கிறது.