உரிமையாளர் உறைவிட விதி: கலிபோர்னியாவின் துணைக் குடியிருப்புகள்

முதன்மை வீட்டின் மனையிலேயே கட்டப்படும் சிறு வீட்டை வாடகைக்கு விட வேண்டுமாயின், உரிமையாளரும் அம்மனையிலேயே வாழ்தல் வேண்டும் என்னும் விதி அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நிலவியதாகும். கலிபோர்னியாவின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் துணைக் குடியிருப்புகளுக்கு வழிவிட்டபோதே, இந்நிபந்தனையை விதிக்கும் உரிமையையும் நகராட்சிகளுக்கு அளித்தது. உரிமையாளர் அருகிருப்பின் வீடு பேணப்படும், அயலாருக்கு இடையூறு நேராது என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். சான் டிமாஸ் நகரின் விதியை மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1996இல் ஏற்றது.

நடைமுறையை நோக்குவார்க்கு இவ்விதியின் முரண் புலப்படும். நகரங்கள் பல இந்நிபந்தனையை நில ஆவணத்தில் பதியச் செய்தன. ஆதலின் அது மனையைப் பின்னர் வாங்குவோரையும் தொடர்ந்தது. உரிமையாளர் பணி நிமித்தம் வேறூர் சென்றாலோ, அவர் இறந்து வாரிசுகள் தொலைவில் வாழ்ந்தாலோ, இரு வீடுகளையும் ஒருங்கே வாடகைக்கு விட இயலாது. குடியிருப்பவர் யாதொரு பிழையும் செய்யாமலேயே அவரது இருப்பிடம் பிறரது இருப்பைச் சார்ந்து நின்றது. (அதே தெருவில் தனி வீட்டை வாடகைக்கு விடுபவரிடம், ‘நீர் எங்கு வாழ்கிறீர்?’ என எவரும் வினவியதில்லை.) கடனுக்காக மனையைக் கைப்பற்றும் வங்கி அங்குக் குடியேற இயலாதாகையால், கடன் கொடுப்போரும் தயங்க இடமுண்டாயிற்று.

வீட்டுப் பற்றாக்குறை முற்றிய நிலையில், 2019இல் இயற்றப்பட்ட சட்டங்கள் 2020 முதல் 2024 முடிய அனுமதி பெறுவனவற்றுக்கு இவ்விதியை விலக்கின. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விலக்கை நிலையாக்கியது. எனினும், வீட்டினுள்ளேயே பிரிக்கப்பட்டு, 500 சதுர அடிக்கு மேற்படாமல், குளியலறையை முதன்மை வீட்டோடு பகிரும் சிற்றலகுகளுக்கு அது இன்றும் பொதுவாக உண்டு. பழைய காரணங்கள் ஓரளவேனும் பொருந்தும் இடம் அதுவே எனலாம்.