கொப்பறாச் சொறியும் சிற்றுண்ணிப் பாகுபாடும்

மாரிகாலத்து ஈரக்காற்றில் நெடுநாள் கிடந்த மாவிலும் கொப்பறாவிலும் வெண்மையான தூள் படர்ந்து மெல்ல அசைவதை, நிலாவெளி போன்ற கரையூர்களிற் சிலவேளை காணலாம். அத்தூளில் ஊர்வன சிற்றுண்ணிகள். அரை மில்லிமீற்றர் அளவினைப் பெரும்பாலும் தாண்டாதவை. முதிர்ந்தவை எட்டுக் கால்கள் உடையவாதலின், இவை பூச்சியினம் அல்ல, சிலந்திக்கு உறவானவை. இத்துணைச் சிறிய உயிர்களை இனம்பிரித்தறிவதாற் பயன் யாது என வினவுவோர்க்கு நம் நாட்டு வரலாறே விடை தருகின்றது.

சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ் 1758 இல், மாவில் வாழும் உண்ணியையும் மனிதத் தோலைத் துளைக்கும் சொறியுண்ணியையும் 'அக்காறஸ் சிரோ' என்னும் ஓரினத்தின் இரு வகைகளாகவே கொண்டார். அந்நாட்டவரான டி கீர் 1778 இல் அவ்விரண்டின் வடிவ வேறுபாட்டை விளக்கினார். பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் 1802 இல் சொறியுண்ணிக்குச் 'சார்க்கொப்தெஸ்' எனத் தனிப் பேரினம் வகுத்தார்.

இப்பிரிவின் பயன் இலங்கையிற் புலப்பட்டது. கொழும்பிற் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் கஸ்தெல்லானி, கொப்பறா ஆலைத் தொழிலாளரை வருத்திய தினவு நோயொன்றை 1912 இல் 'கொப்பறாச் சொறி' என விவரித்தார். தோற்றத்தில் அது சொறிநோயை ஒத்தது. ஆயினும் இங்குள்ள உண்ணி தோலைத் துளைத்துக் குடியிருப்பதன்று. பிரித்தானிய நூதனசாலை அறிஞர் ஹேர்ஸ்ற் அதனைச் சேமித்த உணவில் வாழும் உண்ணிகளோடு சேர்த்து, கஸ்தெல்லானியின் பெயரால் ஒரு வகையாகக் குறித்தார். பின்வந்த ஆய்வாளர், 1781 இல் ஷ்ராங்க் பெயரிட்ட இனமே அதுவெனக் கண்டனர். இன்று அது 'தைரோபேகஸ் பியூற்றெசென்சியே' எனப்படும். அழுகலைச் சுட்டும் அப்பெயர், பூஞ்சணத்தையும் உண்டு வாழும் அவ்வுயிருக்கு மிகப் பொருந்தும்.

பெயர் வேறுபடின் பரிகாரமும் வேறுபடும். சொறிநோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவது. ஆதலின் வீட்டார் அனைவருக்கும் மருந்து வேண்டும். கொப்பறாச் சொறியோ சரக்கிலிருந்து வருவது. அதனை விட்டு நீங்கின் தணியும். அதன் மூலமருந்து தொழிலாளியின் உடலிலன்று, களஞ்சியத்தில் உள்ளது. கொப்பறாவின் ஈரம் நூற்றுக்கு 6 பங்களவிற்குக் குறையுமாறு நன்கு உலர்த்திக் காற்றோட்டமுள்ள இடத்திற் சேமித்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராதார், தொற்றுநோயாளன் என ஓர் உழைப்பாளியை ஒதுக்கிவைத்து, நோய்க்குக் காரணமான சரக்கை அடுத்தவன் தலையில் ஏற்றுவர். பாகுபாடு என்பது வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. பழியை உரிய இடத்திற் சுமத்தும் நீதியுமாகும்.