இடமும் வலமும் ஒன்றோ?

அண்டத்திலுள்ள பொருள்கள் யாவற்றையும் நான்கு விசைகளே ஆளுகின்றன என்பர் பௌதிக அறிஞர். தென்னையிலிருந்து தேங்காயை நிலத்தில் விழச் செய்வதும், பூமியைச் சூரியனைச் சுற்றிவரச் செய்வதும் ஈர்ப்பு விசை. மின்னல், காந்தம், ஒளி என்பன மின்காந்த விசையின் தொழில்கள். அணுக்கருவினுள்ளே புரோத்தன்களையும் நியூத்திரன்களையும் பிணைத்து வைத்திருப்பது வன்விசை. நான்காவதாகிய மென்விசையையோ நாம் எவரும் உணர்வதில்லை. ஆயினும் அஃது இல்லையேல் சூரியன் எரியாது. சூரியனின் நடுவே ஐதரசன் ஈலியமாகும்போது புரோத்தன்களிற் சில நியூத்திரன்களாக மாறவேண்டும். அம்மாற்றத்தைச் செய்யவல்லது மென்விசையே. இவ்விசையின் வரலாற்றிலே ஓர் அத்தியாயம் இளைஞரும் முதியோரும் ஒருங்கே சிந்திக்கத்தக்கது.

கடலிற் கிடைக்கும் சங்குகளுட் பெரும்பாலானவை ஒரே பக்கமாகச் சுழித்தவை. வலம்புரிச் சங்கோ மிக அரிது. அரிதாயினும் அது கிடைக்கின்றது. சாதாரணச் சங்கைக் கண்ணாடியிற் பார்த்தால் எத்தகைய உருவம் தோன்றுமோ அத்தகைய உருவமே வலம்புரி. ஆகவே கண்ணாடியிற் காணும் சங்கு இயற்கைக்கு ஒவ்வாததன்று. இவ்வாறே, இயற்கையில் நிகழும் எந்த நிகழ்ச்சிக்கும் அதன் கண்ணாடி நிகழ்ச்சியும் நிகழக்கூடியதே என 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து பௌதிக அறிஞர் நம்பி வந்தனர். ஈர்ப்பு விசையிலும் மின்காந்த விசையிலும் இவ்விதி பிழையின்றி நின்றது. எனவே, எல்லா விசைகளுக்கும் இது பொருந்தும் என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை.

1950ஆம் ஆண்டுகளில் ஒரு புதிர் தோன்றியது. தீற்றா, தௌ எனப் பெயரிடப்பட்ட இரு துணிக்கைகள் திணிவிலும் ஆயுளிலும் ஒன்றாகவே காணப்பட்டன. ஆனால் ஒன்று இரண்டு பை மேசன்களாகவும் மற்றையது மூன்று பை மேசன்களாகவும் சிதைந்தன. கண்ணாடி விதி மெய்யாயின் இவை இரண்டும் ஒரே துணிக்கையாக இருத்தல் இயலாது. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துவந்த லீ, யாங் என்னும் சீன இளைஞர் இருவர் வேறொரு வினாவை எழுப்பினர். மென்விசையும் இவ்விதிக்கு அடங்குகின்றது என்பதை எவரேனும் சோதித்துப் பார்த்ததுண்டோ? பழைய பரிசோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தனர். ஒன்றேனும் அதனைச் சோதித்திருக்கவில்லை! எல்லோரும் நம்பினர், எவரும் பார்க்கவில்லை. 1956 அக்டோபரில் இவர்களது கட்டுரை வெளிவந்தபோது லீக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை.

வினா எழுப்புவது ஒன்று. விடை காண்பது வேறொன்று. அப்பணியை மேற்கொண்டவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வூ அம்மையார். சீனாவை விட்டு வந்து இருபது ஆண்டுகளாகிய அவ்வேளையில், ஐரோப்பாவுக்கும் தூரகிழக்கு நாடுகளுக்கும் கணவருடன் செல்ல அவர் ஆயத்தமாகியிருந்தார். பரிசோதனையின் பொருட்டு அப்பயணத்தைக் கைவிட்டார். கணவர் தனியே சென்றார்.

பரிசோதனை வாஷிங்டனிலுள்ள தேசிய நியமப் பணியகத்தில் நடைபெற்றது. தாழ்ந்த வெப்பநிலை ஆராய்ச்சியில் வல்லவரான அம்பிளர் முதலிய நால்வர் துணைநின்றனர். கோபாற்று 60 என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைத் தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு மேல் ஒரு பாகையின் நூறில் ஒரு பங்களவுக்குக் குளிரச் செய்து, காந்தத்தின் உதவியால் அதன் கருக்கள் ஒரே பக்கமாகச் சுழலுமாறு நிறுத்தினர். சுழலும் பம்பரம் ஒன்றின் அருகே கண்ணாடியை வைத்தால், நிழலுருப் பம்பரம் எதிர்ப்பக்கமாகச் சுழல்வதாகத் தோன்றும்; ஆனால் மேல் மேலாகவும் கீழ் கீழாகவுமே இருக்கும். ஆகவே கண்ணாடி விதி மெய்யாயின், கருக்களினின்று வெளிப்படும் இலத்திரன்கள் மேலும் கீழும் சம அளவிற் செல்லவேண்டும். அவ்வாறு செல்லவில்லை. கருவின் சுழற்சி அச்சுக்கு எதிர்த்திசையிலேயே கூடுதலான இலத்திரன்கள் சென்றன. காந்தப்புலத்தைத் திருப்பியபோது அவையும் திரும்பின. பொருள் சூடேறிக் கருக்கள் ஒழுங்கு குலைந்ததும் அவ்வேறுபாடு மறைந்தது.

1957 சனவரியில் இம்முடிவு வெளியாயிற்று. இயற்கை இடமும் வலமும் பாராட்டாது எனப் பெருந்தொகை பந்தயம் வைக்கவும் ஆயத்தம் என்று அதே மாதத்தில் நண்பருக்கு எழுதியவர் பவுலி! 1930இல் நியூத்திரினோ என்னும் துணிக்கையின் இருப்பை ஊகித்துக் கூறிய பேரறிஞர் அவர். தீற்றாவும் தௌவும் ஒரே துணிக்கையே என்பதும் தெளிவாயிற்று. நியூத்திரினோவிலோ இன்றுவரை ஒருபக்கச் சுழற்சியுடையவற்றையே கண்டுள்ளனர். அங்கே வலம்புரியைக் கண்டார் எவருமிலர்.

அதே 1957இல், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற கேரள இளைஞர் சுதர்சன், தம் ஆசிரியர் மார்ஷக்குடன் சேர்ந்து மென்விசையின் வடிவத்தை வகுத்தார். ஃபைன்மனும் கெல்மனும் அவ்வடிவத்தையே தனியாக எழுதினர். அவ்வடிப்படையின்மேல் எழுந்த ஆராய்ச்சி, மென்விசையையும் மின்காந்த விசையையும் ஒன்றாக இணைத்தது. கிளாஷோ, அப்துஸ் சலாம், வைன்பேர்க் ஆகிய மூவருக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. மென்விசையைக் கொண்டுசெல்லும் துணிக்கைகள் 1983இல் ஜெனீவாவுக்கு அருகே கண்டுபிடிக்கப்பட்டன. அவை ஒவ்வொன்றும் புரோத்தனிலும் 80 மடங்குக்கு மேற்பட்ட திணிவுடையவை. அதனாலேயே அவ்விசை அணுக்கருவுக்கு அப்பால் எட்டுவதில்லை. நாமும் அதனை உணர்வதில்லை.

லீயும் யாங்கும் 1957இலேயே நோபல் பரிசு பெற்றனர். வூ அம்மையாருக்கு அப்பரிசு கிடைக்கவில்லை. 1997இல் அவர் காலமாகும் வரை கிடைக்கவேயில்லை. வினாவுக்குக் கிடைத்த மாலை, விடை தேடிய கைகளுக்குக் கிடையாமற் போயிற்று. 1978இல் வுல்ப் பரிசு அவரைச் சேர்ந்தது ஓரளவு ஆறுதல் எனலாம்.

தீர விசாரிப்பதே மெய் என நம் முன்னோர் கூறிப்போந்தனர். பேரறிஞர் பலர் கூடி முப்பது ஆண்டுகளாக நம்பியதும் விசாரிக்கப்படாதவரை நம்பிக்கையே, அஃது அறிவாகாது. ஆகவே இளைஞர்காள், “இதனைப் பார்த்தவர் யார்?” எனக் கேட்கத் தயங்காதீர், கேட்டபின் நீங்களே சென்று பாருங்கள். முதியோராகிய நீங்களும் அவ்வினாவை அவமதிப்பாகக் கொள்ளாது, விடை தேடுவோருக்கும் உரிய இடம் அளிப்பீர்களாக.