சிந்துபாத்தும் நமது கரையும்

மஃரிப் தொழுது, குர்ஆன் ஓதலும் முடிந்து, இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை கிடைக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் எங்கள் வீட்டில் கதை நடக்கும். உம்மும்மா பாயை விரித்து, வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டால் போதும். பிள்ளைகள் நாலு பக்கமும் வந்து ஒட்டிக்கொள்வோம். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் அறபுத்தமிழ்க் கிதாபுகளைத் தண்ணீர் போல ஓடவிட்டு வாசிப்பார். ஹாத்திம் தாயும் அலிபாபாவும் சிந்துபாத்தும் அவர் வாயில் நம்மூர் ஆட்களாகவே நடமாடினார்கள். சிந்துபாத்தின் கப்பல் எங்கே உடைந்தாலும் அது பேருவளைப் பாறையில் மோதியது போலத்தான் எங்களுக்குக் கேட்கும். அவருடைய வாசலில் சுமையை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கும் ஏழைக் கூலியாள், கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை போலவே வியர்வையைத் துடைப்பான்.

ஒரு நாள் கதை நடுவில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "உம்மும்மா, இந்த முறையும் சிந்துபாத் திரும்பி வருவாரா?"

"வராட்டி ஆரு மகன் வந்து கதையச் சொல்றது?" என்றார் அவர், வெற்றிலையை மென்றபடியே.

எல்லாரும் சிரித்தோம். அந்தப் பதிலுக்குள் நமது வரலாற்றின் ஒரு பெரிய கேள்வி கிடக்கிறது என்பது விளங்க எனக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

கதை வந்த வழி

பிறகு நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். அட்டை கிழிந்த சிறுவர் புத்தகங்கள் கைமாறிக் கைமாறி வந்தன. இந்தியா போய் வந்தவர்களின் பெட்டிக்குள் தினத்தந்தித் தாள் கிடைத்தால் முதலில் தேடுவது 'கன்னித்தீவு' படக்கதையைத்தான். 1960 இல் தொடங்கிய அந்தப் படக்கதையின் நாயகனும் சிந்துபாத்தே. பெயர் மட்டும்தான் பழசு. அதில் வந்த லைலாவும் மந்திரவாதி மூசாவும் தமிழ்நாட்டுக் கற்பனை. 'முடிவில்லாதது' என்பதற்கு 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்லும் அளவுக்கு அது நீண்டது.

மூலக் கதையின் பயணமும் சுவையானது. 'ஆயிரத்தொரு இரவுகள்' என்றதும் நமக்கு நினைவில் வரும் மூன்று பேர் சிந்துபாத், அலாவுதீன், அலிபாபா. இந்த மூவருமே அந்தத் தொகுப்பின் பழைய அறபுக் கையெழுத்துப் பிரதியில் இல்லை. சிந்துபாத்தின் ஏழு பயணங்களும் தனி நூலாக உலவியவை. அந்துவான் கலாந் என்ற பிரெஞ்சு அறிஞர் 1704 இல் தமது மொழிபெயர்ப்பை வெளியிடத் தொடங்கியபோது அவற்றை இரவுகளுக்குள் சேர்த்துவிட்டார். மற்ற இரண்டு கதைகளையும் 1709 இல் பாரிஸில் அவருக்குச் சொன்னவர் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற மரோனைட் கிறிஸ்தவ இளைஞர். அறபுக் கடற்கதை பாரிஸுக்குப் போய், ஆங்கிலத்துக்கு ஏறி, தமிழில் இறங்கி, கடைசியில் எங்கள் பாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கதைக்குள் நமது தீவு

ஆறாவது பயணத்தில் கப்பல் உடைந்து, தோழர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக மௌத்தாகி, தன் கப்றைத் தானே தோண்டிவைத்த பிறகு சிந்துபாத் ஒரு தெப்பம் கட்டுகிறார். மலைக்கு அடியில் ஓடும் ஆறு அவரை இருட்டுக்குள்ளே இழுத்துப் போகிறது. கண் விழிக்கும்போது அவர் கிடப்பது ஸரந்தீபில். அந்த ஸரந்தீப் நாங்கள் இருக்கிற இந்த இலங்கைதான் என்று வகுப்பில் ஆசிரியர் சொன்ன நாளை நான் மறக்கவில்லை. அன்று பாடசாலை விட்டு வரும்போது நடந்து வரவில்லை, பறந்துதான் வந்தேன்.

கதையில் ஸரந்தீப் மன்னர் யானைமேல் ஊர்வலம் வருவார். முன்னே ஒருவர் அவருடைய பெருமையை முழங்க, பின்னே வருபவர் இந்த மன்னரும் ஒரு நாள் மரணிக்கப் போகிறவர்தான் என்று பதில் கூவுவார். வெறும் கற்பனை என்றுதான் நினைத்திருந்தேன். 851 இல் எழுதப்பட்ட சீன, இந்தியச் செய்திகள் பற்றிய அறபு நூலைப் பார்த்தபோதுதான் வேர் தெரிந்தது. ஸரந்தீப் மன்னர் இறந்தால் அவரது உடலை வண்டியில் மல்லாத்தி, தலைமுடி தரையில் இழுபடக் கொண்டு போவார்கள் என்றும், ஒரு பெண் துடைப்பத்தால் அந்தத் தலைமேல் மண்ணை வாரிவிட்டு, நேற்றுவரை உங்களை ஆண்டவரின் நிலையைப் பாருங்கள் என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டே போவாள் என்றும் அதில் இருக்கிறது. வியாபாரிகள் துறைமுகத்தில் சொன்ன செய்தி, கதைசொல்லியின் வாயில் ஊர்வலமாகிவிட்டது.

யானைக் கதையும் இப்படித்தான். சிந்துபாத்தின் ஏழாம் பயணத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றில், தந்தத்துக்காக வேட்டையாடும் அவரை ஒரு யானை தூக்கிக்கொண்டு போய் யானைகளின் எலும்புக் குவியலில் விட்டுவிடும். 1344 இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, பாவா ஆதம் மலைக்குப் போன வழியைச் சொல்லும்போது ஷைக் அபூ அப்துல்லாஹ் இப்னு கபீபின் சம்பவத்தை எழுதுகிறார். பசி தாங்காமல் ஸியாரத்துக்கு வந்தவர்கள் ஒரு யானைக் கன்றைக் கொன்று தின்றார்கள். ஷைக் தடுத்தும் கேட்கவில்லை. இரவில் யானைகள் வந்து, ஒவ்வொருவராக மோந்து பார்த்து, தின்றவர்களைக் கொன்றன. தின்னாத ஷைக்கை மட்டும் முதுகில் ஏற்றி மனிதர் வாழும் இடத்தில் கொண்டுபோய் விட்டன. அன்றிலிருந்து இந்நாட்டு மக்கள் முஸ்லிம்களை மதித்து, வீட்டிலும் தங்க இடம் கொடுத்தார்கள் என்கிறார் இப்னு பதூதா. இதை நடந்த சம்பவம் என்று எடுப்பதா, கராமத் என்று எடுப்பதா என்பது வேறு விஷயம். கடல் கடந்து வந்தவர்களுக்கு இங்கே திண்ணை எப்படிக் கிடைத்தது என்பதற்கு மக்கள் வைத்திருந்த விளக்கம் அது.

அந்தக் காலக் கப்பல்களும் கற்பனை அல்ல. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியவை. அப்படியொரு கப்பல், 9 ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்கள் சுமார் 60,000 உடன், 1998 இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுக்கப்பட்டது. அதற்கு முன்பே டிம் செவெரின் என்பவர் ஓமானில் அதே முறையில் 'சோஹார்' என்ற கப்பலைக் கட்டி, 1980 நவம்பரில் மஸ்கத்திலிருந்து புறப்பட்டு, இலங்கையிலும் தரித்து, 1981 ஜூலையில் சீனாவின் கன்டோனைச் சேர்ந்தார். சிந்துபாத்தின் வழி போகக்கூடிய வழிதான் என்று காட்டுவதே அவர் நோக்கம்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். நமது மேடைகளில் சிலர் சிந்துபாத்தையே சரித்திர ஆதாரமாக நீட்டிவிடுகிறார்கள். அது நமக்கு உதவாது. சிந்துபாத் என்று ஒருவர் வந்தார் என்பதற்குக் கதை சாட்சி ஆகாது. இந்தத் தீவைப் பற்றிய பேச்சு பஸறாவின் துறைமுகத்தில் அன்றாடம் நடந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அந்தச் சாட்சியமும் சின்னதல்ல.

திரும்பாதவர்கள்

இனி உம்மும்மாவின் பதிலுக்கு வருகிறேன். சிந்துபாத் ஏழு முறையும் திரும்பி வந்துவிடுகிறார். கதை சொல்லப்படுவது பக்தாதில், விருந்து மண்டபத்தில், இலாபத்தோடு வீடு சேர்ந்தவரின் வாயால். வெளிக்கரை அவருக்கு ஆபத்து, அல்லது சரக்கு. நாலாம் பயணத்தில் ஓர் அந்நிய ஊரில் கலியாணம் முடிக்கிறார். மனைவி இறந்ததும் அந்த ஊர் வழக்கப்படி அவரையும் உயிரோடு சேர்த்துப் புதைகுழிக்குள் இறக்கிவிடுகிறார்கள். தப்பி வருவதற்கு அவர் அந்தக் குழிக்குள் செய்த கொலைகளை எங்கள் சிறுவர் புத்தகம் விட்டுவிட்டிருந்தது. பெரியவனான பிறகு வாசித்துத் திடுக்கிட்டேன். அந்தக் கதையின் அடியில் கிடக்கும் பயம் தெளிவானது: வந்த இடத்தில் பெண் எடுத்தால் அங்கேயே புதைந்துபோவாய்.

நமது சமூகமோ அப்படிப் பெண் எடுத்து, இங்கேயே மௌத்தாகி, இந்த மண்ணிலேயே அடங்கியவர்களிலிருந்து வந்தது. சிந்துபாத் பயந்த முடிவுதான் நமது தொடக்கம்.

இதற்குக் கதை இல்லையா? ஒன்று இருக்கிறது, வரலாற்று நூலுக்குள். 9 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல் பலாதுரி எழுதுகிறார்: மாணிக்கத் தீவின் மன்னர், ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுபுக்குச் சில பெண்களை அனுப்பிவைத்தார். அவர்கள் அந்த நாட்டிலேயே முஸ்லிம்களாகப் பிறந்தவர்கள். வியாபாரிகளான அவர்களின் வாப்பாமார் அங்கே மரணித்துவிட்டார்கள். தேபல் துறைமுகத்துக்கு அருகே கடற்கொள்ளையர் அந்தக் கப்பலைப் பிடிக்க, பெண்களில் ஒருத்தி ஹஜ்ஜாஜின் பெயரைக் கூவி அழைத்தாள். சிந்து மன்னர் தாஹிர், கொள்ளையர் மீது தனக்கு அதிகாரம் இல்லை என்று கைவிரித்தார். இதன் தொடர்ச்சியாகத்தான் முஹம்மத் இப்னு காசிமின் 711, 712 ஆம் ஆண்டுப் படையெடுப்பை நூல் சொல்கிறது.

நாம் இதைப் படிக்கும்போதெல்லாம் கண் படைமீதே போகிறது. நான் இப்போது அந்தக் கப்பலின் தட்டில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்கள் 'திரும்பிப்' போகவில்லை. பிறந்த ஊரை விட்டு, ஒருநாளும் கண்டிராத தேசத்துக்குப் போகிறார்கள். சிந்துபாத்தின் பயணத்தை மறுபக்கமாகப் போன முதல் பயணிகள் அவர்கள்.

1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனவழியில் தமிழரே என்று வாதிட்டார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அறபு வழியை நிலைநாட்டி மறுப்பு நூல் எழுதினார். இரண்டையும் வாசித்திருக்கிறோம், இன்றும் அதே வழக்கையே பேசுகிறோம். வாப்பா எங்கிருந்து வந்தார் என்பதே பேச்சு. உம்மா இருந்த இடம் பேச்சுக்குள் வருவது குறைவு. அறிஞர் சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்', ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கம் என்று நாம் பெருமைப்படுவது, அதுவும் ஒரு சாகசக் கதைதான். குழந்தையாகக் கடத்தப்பட்ட எகிப்தியப் பிரபுவின் மகன் இந்தியாவில் வளர்ந்து, இடர்கள் கடந்து, கடைசியில் பிறந்த வீட்டைச் சேர்கிறான். அருமையான கதை. ஆனால் அங்கேயும் நாயகன் திரும்பிப் போகிறவனே.

இதனால் சிந்துபாத்தின் மீது எனக்கு அன்பு குறையவில்லை. போன நோன்பில் என் பேத்திக்கு ஆறாம் பயணத்தைச் சொன்னேன். தெப்பம் இருட்டுக்குள் போகும் இடத்தில் அவளும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். கூடவே பலாதுரியின் பெண்பிள்ளைகளின் கதையையும் சொன்னேன்.

முழுதையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்: "அந்தப் பிள்ளையள்ட உம்மாமார் எங்க அப்பா?"

பலாதுரி அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. "கரையில நின்டு கப்பலப் பாத்துக்கொண்டு இருந்திருப்பாங்க மகள்" என்றேன். அதற்கிடையில் இஷாவுக்குப் பாங்கு கேட்டது.