தோலுக்குப் போட்ட வேலி

எங்க தாத்தா திருவண்ணாமலைக்குப் பக்கத்துச் சேரிக்காரர். ஊரில் மாடு செத்தால் ஆள் வரும்; போய்த் தூக்கணும், உரிக்கணும். தோலை உப்புத் தடவி வைத்தால் வாணியம்பாடி வியாபாரியின் ஆள் வந்து எடுத்துப் போவான். அவன் வைச்சதுதான் விலை. "அந்த வெலைய எவன் வைச்சான்னு எனக்குத் தெரியாதுடா" என்பார் தாத்தா. எம்.ஏ. தமிழில் இதற்குப் பாடம் கிடையாது. நானாகத் தேடிப் படித்தேன்.

இன்றைக்கு உலகம் பூரா ஒரே பேச்சு: சுங்கவரி போட்டால் தொழிற்சாலை வேலை உள்நாட்டிலேயே நிற்குமா? நம்ம பழைய வட ஆற்காட்டுத் தோல் நூறு வருசமா இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1989 வரை திருவண்ணாமலையும் அந்த மாவட்டம்தான்.

முதல் உலகப் போருக்கு முன் இந்தியப் பச்சை மாட்டுத்தோல் வியாபாரம் பெரும்பாலும் ஜெர்மன் கம்பெனிகளின் பிடியில் இருந்தது. 1919இல் வெள்ளைக்கார அரசு பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீதம் வரி போட்டது. பதனிடும் வேலை இந்தியாவிலும் பேரரசுக்குள்ளும் தங்கணுமாம். பேரரசுக்குள் பதனிடப் போகும் தோலுக்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. 1923இல் வரி 5 சதவீதமானது.

இந்த வரியைக் கட்டினது யார்? கப்பலேற்றுகிறவன் தன் மடியிலிருந்தா கொடுப்பான்? வாங்கும் விலையில் கழிப்பான். வெளிநாட்டுக்காரன் ஒதுங்கினால் உள்ளூர் முதலாளிக்கும் தோல் மலிவு. கழிவு கடைசியில் உரித்தவன் தலையில்தான் விடியும். தாத்தாவின் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1970களில், சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வளர்ந்தன. வேலை நின்றதா? நின்றது. மறைக்க வேண்டியதில்லை. ஆம்பூர்ப் பக்கத்துச் சேரிப் பெண்கள் ஷூ கம்பெனிச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அது சின்ன விசயமில்லை.

ஆனா சுண்ணாம்புக் குழியில் இறங்கினது யார்? அங்கேயும் நம்ம ஆள்தான். பாலாற்றுத் தண்ணி கெட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1996இல்தான் தீர்ப்பு வந்தது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். அநேகமாக எல்லோரும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலையைக் காத்த சட்டம் வேலை செய்தவனைக் காக்கவில்லை.

2025 பட்ஜெட்டில், குரோமில் பாதி பதனிட்ட 'வெட் புளூ' தோலுக்கு இறக்குமதி வரியை நீக்கினார்கள். வேலை பெருகும் என்பதே காரணம். வேலைக்காக அன்று வரி போட்டார்கள், வேலைக்காகவே இன்று எடுக்கிறார்கள்! அதே ஆகஸ்டில் அமெரிக்கா, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, பல இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியது. ஆர்டர் போச்சே என்று கலங்கினது ஆம்பூர். அவன் போட்ட வேலி இங்கே தைக்கிறவள் சோற்றில் விழுந்தது.

ஆக, வரி வேலையைக் கொஞ்ச காலம் நிறுத்தும். கூலி எவ்வளவு, குழிக்குள் யார், கணக்குப் புத்தகத்தின் முன்னால் யார் என்பதை வரி தீர்மானிக்காது. அதைச் சாதியும் முதலாளியும் தீர்மானிக்கிறார்கள். சங்கம் இருந்தால் நாமும் தீர்மானிக்கலாம். நாளைக்கு எந்த முதலாளியாவது 'பாதுகாப்பு வரி வேணும், நீங்களும் கூட வாங்க' என்று கூப்பிட்டால் போவோம். கூலி உயர்வையும் வைப்புநிதியையும் கையுறையையும் முதலில் எழுதி வாங்கிக்கொண்டு போவோம்.