புது மீனைப் பழைய மீன் துரத்துதா? கடல் மீன் தொட்டியில் சண்டையை இப்படி நிறுத்தலாம்!

ஆசையா வாங்கிட்டு வந்த மீன், மறுநாள் காலையில துடுப்பு கிழிஞ்சு ஒரு மூலையில ஒதுங்கி நிக்குதா? 'போகப் போகப் பழகிடும்' என்று விட்டுவிடாதீர்கள். கடலில் துரத்தப்படும் மீன் வேறு பாறைக்குப் போய்விடும். உங்கள் நாலடித் தொட்டியில் அது எங்கே போகும்? பயத்தில் சாப்பிடாமல் தளர்ந்துபோனால் வெள்ளைப்புள்ளி நோய் சுலபமாகத் தொற்றிவிடும்.

சண்டை பெரும்பாலும் இடத்துக்காகத்தான். முதலில் வந்த மீன், தொட்டியே தனக்குச் சொந்தம் என்பதுபோல நடந்துகொள்ளும். அதனால் சாதுவான கோபி, ஃபயர்ஃபிஷ் முதலில். கோமாளி மீன் பிறகு. டாட்டிபேக், டேங், டாம்சல் எல்லாம் கடைசியில். விலை குறைவு, சுலபத்தில் சாகாது என்று பலர் டாம்சலைத்தான் முதலில் வாங்குகிறார்கள். ஆள்காட்டி விரல் அளவுதான் இருக்கும். ஆனா, தன்னைவிடப் பெரிய மீனையே ஓட ஓட விரட்டும்!

நிறமும் உடல்வாகும் ஒத்துப்போகிற மீன்கள் அதிகமாக மோதும். டேங் மீன்களுக்கு வாலின் அடியில் கத்தி மாதிரி முள் இருப்பதால், இரண்டு டேங் மோதினால் காயம் நிச்சயம். கோமாளி மீன் கதையே வேற. அதில் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட்டத்தில் ஆதிக்கம் செலுத்துவதுதான் பெண்ணாக மாறும். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது என இரண்டு மட்டும் வாங்குங்கள்.

புது மீனை நேரடியாக விட வேண்டாம். 'அக்ளிமேஷன் பாக்ஸ்' என்று கேட்டால், துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கும். அதில் புது மீனை விட்டு, தொட்டிக்குள்ளேயே நாலைந்து நாள் மாட்டி வையுங்கள். பழைய மீன் வந்து முட்டும், துடுப்பை விரிக்கும், அப்புறம் அதுக்கே போரடிச்சுடும். பிறகு மற்ற மீன்களுக்கு வயிறு நிறைய உணவு போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள். பாறைகளை மாற்றி அடுக்கினால் பழைய எல்லைகள் குழம்பிவிடும். பவளம் வளர்ந்து ஒட்டியிருந்தால் அது முடியாது. அப்போது தொட்டியின் வெளிப்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். ரவுடி மீன் சில நாள் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டும். மேலே வலை மூடி கட்டாயம். துரத்தப்படும் மீன் வெளியே குதித்துவிடும்.

முதல் நாள் சின்னத் துரத்தல் சகஜம்தான். துடுப்பு கிழிந்தாலோ, இரண்டு நாளாகச் சாப்பிடாவிட்டாலோ உடனே பிரியுங்கள். அடிவாங்கியதை இல்லை, அடிப்பதை! ஒரு வாரம் அதைப் பெட்டியில் அடைத்தால், புதுசு தனக்கொரு இடம் பிடித்துக்கொள்ளும். பாறைக்குள் புகுந்த மீனைக் கைவலையில் பிடிப்பது பெரும்பாடு. உணவு வைத்த பொறிதான் சரி. அதுக்கும் அடங்கலைன்னா கடையில் திருப்பிக் கொடுப்பது ஒன்றே வழி. திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.